டி தந்தி மட்டும் மாறவில்லை

கடந்த ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 19 வருடமாக நான் வாசித்து வரும் டபுள் பாஸின் சுருதியை மாற்றினேன். வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய, ஆழ்ந்த குரல் கொண்ட நாலு தந்திக் கருவி அது. டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு நிலவறைதான் என் சாதக அறை. வெளியே பனி. பாஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கை தானாக வாசிக்கும் ஒரு எளிய ஸ்கேலை, அதாவது சுர வரிசையை, தொடங்கினேன். நாலாவது சுரத்திலேயே கை எங்கோ போய்விட்டது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மேலே சமையலறையில் இருந்த அம்மா படியருகே வந்து கேட்டார்:

“என்ன பிள்ளை, இண்டைக்கு ஏதோ பிழையாக் கேக்குது?”

“பிழை இல்லை அம்மா, சுருதியை மாத்திட்டன்.”

“அப்ப, திரும்பவும் முதலிலையிருந்தோ?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. 14 மாதம் கழித்து இப்போது எழுத முடிகிறது. என்னைப் போல யாராவது இந்த மாற்றத்தை யோசித்துக்கொண்டிருந்தால், எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள் அவர்களுக்குப் பயன்படலாம்.

டபுள் பாஸின் வழக்கமான சுருதி கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. நம் சங்கீதத்தின் மொழியில் சொன்னால், ஒரு தந்தியைச் ‘ச’ என்று வைத்தால் அடுத்த தந்தி ‘சுத்த மத்யமம்’. நான் மாற்றிய சுருதி சி, ஜி, டி, ஏ. இதில் ஒரு தந்தி ‘ச’ என்றால் அடுத்தது ‘பஞ்சமம்’. பாஸைவிடச் சிறிய செலோவுக்கும் இதே சுருதிதான், பாஸ் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறது. வழக்கமான பாஸின் அடித்தந்தி ஈ, விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வு. புதிய அடித்தந்தி சி, 33-க்குக் கொஞ்சம் கீழே. மேல்தந்தி 98-லிருந்து 110-க்கு ஏறுகிறது. நடுவில் டி தந்தி மட்டும் இரண்டு சுருதியிலும் ஒன்றே.

ஏன் மாற்றினேன் என்றால் முதல் காரணம் அந்தக் கீழ் சி. நான் வாசிக்கும் அக்கம்பக்க ஆர்கெஸ்ட்ராவில் பாஸ் பகுதி அடிக்கடி ஈ-க்குக் கீழே இறங்கும். நாலு தந்தி பாஸ்காரர் அதற்கு மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: தலைப்பகுதி வரை நீளும் ஒரு நீட்டிப்பை அடித்தந்திக்குப் பொருத்துவது, ஐந்து தந்தி பாஸ் வாங்குவது, அல்லது அந்தச் சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசிப்பது. நான் மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தேன். செலோக்காரர்கள் கீழே இறங்கும்போது அவர்களுக்கு அடியில் இருக்க வேண்டிய நான் அவர்களோடு சேர்ந்து நின்றேன். அது எனக்கு ஆறாத குறையாக இருந்தது. இரண்டாவது காரணம் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக். அவர் தனிச் செலோவுக்கு எழுதிய தொகுப்புகளை, அவர் நினைத்த தந்திகளிலேயே வாசிக்க வேண்டும் என்ற ஆசை.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மூன்று தந்தி பாஸ்கள் ஜி, டி, ஏ என்று பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டன. ஜாஸ் உலகில் பாஸ் கலைஞர் ரெட் மிட்செல் 1966-இல் பஞ்சமச் சுருதிக்கு மாறி, 1992-இல் இறக்கும்வரை அதிலேயே வாசித்தார். கனடாவின் ஜோயல் குவாரிங்டன் இதே சுருதியில் ஆர்கெஸ்ட்ராக்களின் முதன்மை பாஸ் கலைஞராக இருந்தவர். அவர் பதிவுகளைக் கேட்ட பிறகுதான் வில்லோடு இது சாத்தியம் என்று நம்பினேன்.

சரி, முதலில் நான் செய்த தவறு. தந்தி மாற்றாமல், இருந்த தந்திகளையே முறுக்கியும் தளர்த்தியும் புதிய சுருதிக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாதீர்கள். ஜி தந்தியை ஏ-க்கு ஏற்றினால் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. ஈ தந்தியை சி-க்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. என் பாஸில் மேல்தந்தி இரும்புக் கம்பி போல விறைத்தது, அடித்தந்தி துவண்டு விரல் பலகையில் பட்டுப் படபடவென்று அடித்தது. வில்லை வைத்தால் சுரம் வருவதற்கு முன் ஒரு இரைச்சல்தான் வந்தது. ஒரு வாரம் அப்படியே வாசித்து, இந்தச் சுருதியே இப்படித்தான் போல என்று நம்பத் தொடங்கிவிட்டேன். சுருதியில் ஒரு குறையும் இல்லை. தந்திதான் அந்த வேலைக்குச் செய்யப்படாதது.

பஞ்சமச் சுருதிக்கென்றே தந்தித் தொகுதி கிடைக்கிறது. தோமாஸ்டிக் நிறுவனத்தின் ஸ்பைரோகோர் வரிசையில் அப்படி ஒன்று உண்டு. மேல் ஏ தந்திக்கு, தனிக்கச்சேரிச் சுருதித் தொகுதியின் ஏ தந்தியையே போடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் அந்தச் சுருதியே வழக்கத்தைவிட ஒரு முழுச்சுரம் மேலே. ஆனால் தந்தி வாங்கினால் வேலை முடியாது. சி தந்தி தடிமனானது, பழைய நட்டின் (தலைப்பக்கம் தந்திகள் படியும் சிறு துண்டு) பள்ளத்தில் இறங்காமல் மேலே உட்காரும். கருவி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பள்ளத்தை அகலப்படுத்தி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் அந்தப் பக்கத்தை ஒரு சிட்டிகை உயர்த்தினோம். அடித்தந்தி வீச்சாக அதிரும், அதற்கு இடம் வேண்டும். தந்திகளையும் ஒரே நாளில் மொத்தமாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒருசேரத் தளர்த்தினால் பிரிட்ஜ் சாயும், உள்ளே அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற சிறு மரத்தூணும் விழலாம். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு கிடக்கும், மரம் சுருங்கும். வசந்தத்தில் தந்தி மாற்றியிருந்தால் கருவிக்கு இன்னும் நல்லது என்று பழுது பார்ப்பவர் சொன்னார்.

இனி சுருதி சேர்ப்பது. பாஸ்காரர்கள் பெரும்பாலும் ஹார்மோனிக்ஸ், அதாவது தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மேல் ஒலிகள், வைத்துச் சேர்ப்போம். மத்யம இடைவெளியில், கீழ்த்தந்தியை அதன் நீளத்தில் கால் பங்கிலும் மேல்தந்தியை மூன்றில் ஒரு பங்கிலும் லேசாகத் தொட்டால் இரண்டும் ஒரே சுரம். இந்தக் கணக்கு என் விரலில் ஊறிப்போனது. புதிய சுருதியில் அதையே செய்தேன், இரண்டுக்கும் ஒரு முழுச்சுர வித்தியாசம் கேட்டது. சுருதிதான் தவறு என்று முறுக்கிக்கொண்டே போனேன். நல்லவேளை, தந்தி அறுவதற்கு முன் நிறுத்தினேன். பஞ்சம இடைவெளிக்குக் கீழ்த்தந்தியை மூன்றில் ஒரு பங்கிலும் மேல்தந்தியைச் சரி பாதியிலும் தொட வேண்டும். அதைவிட நல்ல வழி, விரல் வைக்காத இரண்டு வெறும் தந்திகளையும் வில்லால் சேர்த்து இழுத்துக் கேட்பது. சிறுவயதில் கர்நாடக வயலின் கற்றேன். அங்கே தந்திகள் ச ப ச ப. அந்த ச–ப சேரும்போது ஒலியில் இருந்த அலைவு மெல்ல மெல்ல நின்று, இரண்டும் ஒன்றாகி அமைதியாகும் கணம் எனக்குக் காதில் அப்படியே இருந்தது. பாஸில் அந்த அமைதி நெஞ்சுக்கூட்டிலேயே தெரியும். முப்பது வருடத்துக்கு முன் என் வயலின் ஆசிரியை, “காதால கேட்டுச் சேர், கண்ணால பாத்துச் சேர்க்காதை” என்பார். அது இத்தனை வருடம் கழித்துக் கைகொடுத்தது.

ஆனால் பஞ்சமம் சுத்தமாகச் சேர்ந்தால் ஒரு சிக்கலும் வரும். பியானோவின் பஞ்சமம் சுத்தப் பஞ்சமத்தைவிட மிகச் சிறிதளவு குறுகியது. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு. மேல் ஏ-யை வைத்து டி, ஜி, சி என்று கீழே இறங்கும்போது அந்த இரண்டு மும்மடங்காகி, சி தந்தி பியானோவின் சி-யைவிட ஆறு பங்கு தாழ்ந்து நிற்கும். தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. பியானோவோடு நீண்ட சி ஒன்றை இழுத்தபோது எனக்கு உறுத்தியது. பியானோ இருக்கும் நாளில் ஒவ்வொரு பஞ்சமத்தையும் ஒரு இழை குறுக்கிச் சேர்க்கிறேன்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிட்டது. கைதான் படியவில்லை.

என் தவறுகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது, அதைக் கண்டுபிடித்த நாள்தான் இந்தப் பயணத்தின் திருப்பம். பழைய இடத்தில் விரல் வைத்தால், மேல்தந்தியில் நினைத்ததைவிட ஒரு முழுச்சுரம் மேலே கேட்கும். மேலிருந்து மூன்றாம் தந்தியில் ஒரு முழுச்சுரம் கீழே. அடித்தந்தியில் இரண்டு முழுச்சுரம் கீழே. டி தந்தியில் சரியாக இருக்கும். அதுவரை ‘எல்லாம் குழப்பம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மூன்று தனித்தனிப் பழக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு திருத்தம். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு ஒரு தந்தி என்று வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அந்தத் தந்தியும் டி தந்தியும் மட்டும். டி தந்தியில் ஒரு சுரத்தை வாசித்து, அங்கிருந்து பக்கத்துத் தந்திக்குப் போய், திரும்பி வருவேன். கால் ஊன்ற ஒரு இடம் இருந்தால் மற்ற இடம் பழகும்.

இன்னொன்றும் செய்தேன், இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்: வில்லைத் தொடுவதற்கு முன் பாடுவது. சுரத்தின் பெயரை வாயால் சொல்லி, சரியான சுருதியில் பாடி, அப்புறம் விரல் வைப்பது. முதலில் விரல், பிறகு காது என்றுதான் நான் 19 வருடம் வாசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. காகிதத்தில் கறுப்புப் புள்ளியைக் கண்டதும் கை அதற்குரிய இடத்துக்குப் போய்விடும், அந்தச் சுரம் எப்படி ஒலிக்கும் என்று மனசு முன்கூட்டிக் கேட்டதே இல்லை. சுருதி மாறாதவரை அதில் ஒரு கெடுதலும் தெரியாது. மாறியதும் கைக்கும் காதுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பாடிப் பாடி அந்த இடத்தை நிரப்பினேன்.

ஸ்தாயிக்கு ஸ்தாயி தாவுவதைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பழைய சுருதியில், கீழ்ச் சுரத்தை ஒன்றாம் விரலால் (சுட்டுவிரல்) பிடித்து, ஒரு தந்தி விட்டு அடுத்த தந்தியில் ஒரு முழுச்சுரம் தள்ளி நாலாம் விரலை (சுண்டுவிரல்) வைத்தால் மேல்ஸ்தாயி. ஜாஸ் வாசிப்பவனுக்கு அது மூச்சு விடுவது போல. புதிய சுருதியில் அது தலைகீழ். கீழ்ச் சுரம் நாலாம் விரலில், மேல்ஸ்தாயி ஒரு தந்தி விட்டு ஒரு முழுச்சுரம் பின்னால், ஒன்றாம் விரலில். நான் பழைய வடிவத்தையே வைத்தால் என்ன கேட்கும்? ஸ்தாயிக்கு மேலே ஒரு அந்தர காந்தாரம். ச வாசித்து மேல் ச-வுக்குப் போனால் மேல் க வந்து நிற்கும். முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டேன். அப்புறம் அதையே வேண்டுமென்று வாசித்துப் பார்த்தேன். அடியில் ச, மேலே விரிந்து நிற்கும் க, இரண்டையும் சேர்த்து விரலால் மீட்டினால் ஒரு பியானோக்காரரின் இடதுகை போல அறை நிறைந்தது. பழைய சுருதியில் அது அடித்தந்திக்கும் மேல்தந்திக்கும் இடையே மட்டும்தான் எளிது, இங்கே ஒரு தந்தி விட்டு அடுத்த தந்தியில் இயல்பான கையிலேயே கிடைக்கிறது. இந்தச் சுருதி எனக்குக் கொடுத்த முதல் பரிசு அது. மெதுவான பாடல்களில் முடிவுச் சுரத்துக்கு இப்போது அதைத்தான் வாசிக்கிறேன்.

இனி வலி. இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் பாஸின் தந்தி நீளம் 105 செ.மீ. முதல் பொசிஷனில், அதாவது நட்டுக்கு அருகே கை நிற்கும் இடத்தில், ஒன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் இடையே ஒரு முழுச்சுரம், அதாவது இரண்டு அரைச்சுரம், ஏறக்குறைய 10 செ.மீ. செலோவில் அதே 10 செ.மீ.க்குள் மூன்று அரைச்சுரம் அடங்கும். பஞ்சமச் சுருதி செலோவுக்குப் பொருந்துவதும், பாஸ் மத்யமச் சுருதிக்குப் போனதும் இந்த மூன்றாவது அரைச்சுரத்தால்தான். பாஸில் அதைப் பிடிக்க 15 செ.மீ. வேண்டும். நான் செலோ விரலமைப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நாலு விரலையும் விரித்து அந்த 15 செ.மீ.யைப் பிடிக்க முயன்றேன். பிடிக்கவும் முடிந்தது. ஐந்தாவது வாரம் காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது இடது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்றது. மறுநாள் மணிக்கட்டு. பத்து நாள் பாஸைத் தொடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் என் கையைப் பார்த்துவிட்டு, பாஸைப் பிடிக்காமலே அந்த விரிப்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டைவிரல் உள்ளங்கைக்கு எதிராக இறுகிக் கிடந்ததை அவர் தொட்டுக் காட்டும்வரை நான் அறியவில்லை. விரிந்த விரல்களுக்கு ஈடாகக் கட்டைவிரல் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு விதி ஒன்றுதான்: கீழ்ப் பொசிஷன்களில் விரிப்பதில்லை, நகர்வதே.

சி ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். சி வெறும் தந்தி. டி-க்கு ஒன்றாம் விரல். அடுத்த ஈ-க்கு நாலாம் விரலை வைத்தால், அதற்கடுத்த எஃப் கைக்கு வெளியே போய்விடும். அதனால் ஈ-க்கும் ஒன்றாம் விரலையே நகர்த்துகிறேன், 10 செ.மீ. எஃப் இரண்டாம் விரலில் தானாகக் கிடைக்கிறது. அடுத்த ஜி வெறும் தந்தி, அது ஒலிக்கும் நேரத்தில் கை அவசரமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பஞ்சமச் சுருதியில் வெறும் தந்தி என்பது கைக்குக் கிடைக்கும் பயண நேரம். இதைப் புரிந்துகொண்டதும் எந்த ஸ்கேலுக்கும் விரலமைப்பு நானே எழுத முடிந்தது. ஷார்ப், ஃப்ளாட் நிறைய உள்ள ஸ்கேல்களில் அந்த நேரம் கிடைக்காது, அங்கே கடினம்தான். மறைக்க ஒன்றும் இல்லை.

கழுத்தில் மேலே ஏற ஏற இடைவெளி சுருங்கும். வெறும் தந்தியிலிருந்து ஏழு அரைச்சுரம் தாண்டினால் அந்த மூன்று அரைச்சுரம் 11 செ.மீ.க்கு வந்துவிடும். அங்கே நாலு விரல் முறை இயல்பாக அமைகிறது. ஆகவே கீழே ஒரு கை, மேலே ஒரு கை என்று இரண்டு பழக்கம் வேண்டும். சிமாண்டல் என்ற பாஸ் பயிற்சி முறையில் மூன்றாம் விரலைத் தனியாகப் பயன்படுத்தாமல் வளர்ந்தவன் நான், மேலே அந்த விரலுக்குத் தனியாகப் பலம் ஏற்ற மூன்று மாதம் ஆனது. ஒரு தடவைக்கு 20 நிமிடம், பிறகு கட்டாயமாக எழுந்து நடப்பது. அதற்கு மேல் சாதகம் செய்த நாட்களில் மறுநாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

வில்லைப் பற்றிச் சுருக்கமாக. சி தந்திக்கு அவசரம் ஆகாது. பழைய ஈ தந்திக்கு இழுத்த வேகத்தில் இழுத்தால் தந்தி பேசாமல் முனகும். வில்லைப் பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் கொண்டுபோய், கையின் எடையை முதலில் தந்தியில் இறக்கிவிட்டு, பிறகு மெதுவாக நகர்த்த வேண்டும். ஒலி எழவும் ஒரு கணம் தாமதமாகும். ஆர்கெஸ்ட்ராவில் எல்லாரோடும் சேர்ந்து கேட்க வேண்டுமென்றால் நான் ஒரு நூல் முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவுக்கு நான்காவது மாதமே திரும்பினேன். அவசரப்பட்டுவிட்டேன். ஒத்திகையில் வேகமான ஒரு பகுதி, கண் காகிதத்தில், கை பழைய பாஸில். மூன்று பாஸ்களில் நான் மட்டும் ஒரு முழுச்சுரம் கீழே, முழு இரண்டு வரிக்கு. நடத்துநர் நிறுத்தி பாஸ் பக்கம் பார்த்தார். பக்கத்தில் நிற்கும் மூத்த பாஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் தன் பென்சிலை எடுத்து என் காகிதத்தில் தந்தி மாறும் ஒவ்வொரு இடத்திலும் தந்தியின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார். விரல் எண் எழுதவில்லை. விரல் எண்ணைப் படித்தால் கை பழைய வழிக்கே போகும், தந்தியின் பெயரைப் படித்தால் காது விழிக்கும் என்றார். இன்றும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன். அவருக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த இரண்டு கச்சேரிகளில் வாசிக்காமல் ஒதுங்கி, ஆறு மாதம் முடிந்த பிறகே மேடை ஏறினேன். அந்த இரண்டு கச்சேரிகளையும் அவையில் உட்கார்ந்து கேட்டது வேதனையாக இருந்தது.

அதனால் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. ஒரு வருடத்துக்குள் தேர்வோ ஆடிஷனோ இருந்தால் இப்போது மாற வேண்டாம். வாசிப்பே வருமானம் என்றால் இரண்டாவது பாஸ் ஒன்றை மாற்றி வைத்துக்கொண்டு, முதலாவதை அப்படியே விடுங்கள். கீழ் சி மட்டும்தான் வேண்டும் என்றால் நீட்டிப்போ ஐந்து தந்தியோ போதும், 19 வருடக் கைப்பழக்கத்தைக் கலைக்க வேண்டியதில்லை. வேகமான ஆர்கெஸ்ட்ராப் பகுதிகள் பலவற்றுக்கு ஈ, ஏ, டி, ஜி இன்னும் எளிது என்றே நினைக்கிறேன். பஞ்சமச் சுருதியின் ஒலி வேண்டும் என்று மனசு கேட்டால் மட்டும் இறங்குங்கள். தந்திகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் அந்த முழக்கம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. என்னிடம் பாஸ் கிட்டாரும் உண்டு, அது பழைய சுருதியிலேயே இருக்கிறது. குழப்பும் என்று பயந்தேன், குழப்பவில்லை. நின்று அணைத்துப் பிடிக்கும் கருவியும் மடியில் வைக்கும் கருவியும் உடம்புக்கு வேறு வேறு போலும்.

பாக் எழுதிய முதல் தொகுப்பின் தொடக்கப் பகுதியை எட்டாவது மாதம் எடுத்தேன். முதல் பார் (தாளக் கட்டம்) முழுவதும் ஜி, டி, பி, ஏ என்ற நாலு சுரம்தான். நம் கணக்கில் ச, ப, மேல் க, மேல் ரி. ஜி வெறும் தந்தி, டி வெறும் தந்தி, ஏ வெறும் தந்தி, பி-க்கு மட்டும் ஒரே ஒரு விரல். பழைய பாஸில் இதே சுரங்களுக்காக நடுவில் ஒரு தந்தியைத் தாண்டி, இரண்டு இடத்தில் கை வைத்துத் திண்டாடியிருக்கிறேன். இப்போது வில் மூன்று தந்திகளின் மேல் படகு போல அசைந்தது. இரண்டாவது பார், மூன்றாவது பார் எல்லாம் அதே கைக்குள் அடங்கின.

நாலாவது பாரில் நின்றேன். டி தந்தியில் ஜி, மேல்தந்தியில் பி. இரண்டும் மாறி மாறி வர வேண்டும், நடுவே அதே 15 செ.மீ. செலோக்காரர் ஒன்றாம் விரலையும் நாலாம் விரலையும் வைத்துவிட்டுப் போய்விடுவார். விரிக்கக் கூடாது என்று விதி. நகர நேரமில்லை. உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்து இரண்டு வாரம் முயன்றேன், பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாழ்ந்தது.

வழி கட்டைவிரலில் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டைவிரலை முன்னால் கொண்டுவந்து, மேல்தந்தியில் பி-யின் மேல் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். மூன்றாம் விரல் டி தந்தியின் ஜி-யைச் சிரமமே இல்லாமல் தொட்டது. கட்டைவிரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் இடையே கை இயல்பாகவே அவ்வளவு விரியும். கட்டைவிரலைத் தந்திமேல் வைப்பது பாஸில் உச்சப் பொசிஷன்களுக்கு உரிய வழக்கம், நட்டுக்கு இவ்வளவு அருகில் வைக்க எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. முதல் சில நாள் தோல் எரிந்தது, பிறகு காய்த்துவிட்டது. பாஸ் சாயாமல் இருக்க அதன் எடையை இடுப்பிலும் இடது முழங்காலிலும் தாங்கப் பழக வேண்டியிருந்தது.

பி சரியாக நின்ற அன்று, நாலு பாரையும் திரும்பத் திரும்ப ஒரு மணி நேரம் வாசித்தேன். 20 நிமிட விதியை அன்று மட்டும் மீறினேன். மேலே போனபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “உதுதானே நீ சின்னனில வயலின்ல வாசிச்சது?” என்று கேட்டார். இல்லை, அது வேறு. ஆனால் வெறும் தந்திகள் அப்படித்தான் பேசின, அவருக்கு அது கேட்டிருக்கிறது.

மொத்தம் 42 பார். 22ஆம் பாரில் ஒரு சுரத்தின்மேல் நிறுத்தக்குறி இருக்கிறது. அதுவரை தந்திப் பெயர்களைப் பென்சிலில் எழுதி முடித்துவிட்டேன். அதற்கு மேல் கை இன்னும் மேலே ஏற வேண்டும், அங்கே மூன்றாம் விரல் எவ்வளவு தாங்கும் என்று இந்த வாரம் பார்க்க வேண்டும்.